ஆர்லீன் பெங்கெலிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

ஆர்லீன் பெங்கெலி செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். அனுமதி கேட்டாள்.

அலுவலகத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால் லோரனின் கடை. அங்கே கண்ணாடி அலமாரியில் சோப்புப் பெட்டி அளவில் ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கியிருக்கும். கம்ப்யூட்டரின் பக்கத்தில் சொருகி, உள்ளே இருப்பதையெல்லாம் காப்பி எடுத்துக்கொள்கிற சாதாரணச் சாமான். மதியம் சாப்பிடப் போகிற நேரத்தில் சொந்தக் காசில் ஒன்றை வாங்கி வந்து மேசை இழுப்பறையில் போட்டிருந்தால் பதினேழு பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார்கள். டெஸ் ஹாரிங்டனுக்கு இரண்டு கால்களும் இருந்திருக்கும். ஆனால் ஆர்லீன் ஒழுங்கானவள். பத்தொன்பது வருஷ வேலையில் அலுவலகப் பென்சில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவள்.

அவள் வேலை பார்த்தது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், காப்பர் ஃபோர்க் மாவட்ட அலுவலகத்தின் நிலவறையில். பெயர்ப்பலகையில் ‘சுரங்க வரைபடப் பிரிவு’ என்றிருக்கும். பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். அந்த ஊருக்கு அடியில் நூற்றிருபது வருஷம் செம்பு தோண்டினார்கள். மேலே இருக்கிற தெருக்களைவிடக் கீழே இருக்கிற சுரங்கப்பாதைகள் அதிகம். யார் போர் போட்டாலும், குழாய் பதித்தாலும், சவக்குழி வெட்டினாலும்கூட முதலில் ஆர்லீனுக்குப் போன் செய்வார்கள். அவள் வரைபடத்தைப் பார்த்து “தோண்டுங்க” என்பாள். அல்லது “வேண்டாம், இருபதடி தள்ளிப் போங்க” என்பாள். அந்த இருபதடியில்தான் ஊர் இத்தனை நாள் மேலே நின்றது.

பதினோராயிரம் வரைபடங்களையும் அவளே ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தன் மேசைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். காகிதங்கள் இப்போது இல்லை. அவை இருந்த பெரிய அறை மாவட்டத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தேவைப்பட்டது. காகிதம் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று வாரியம் கண்டறிந்து, பாதுகாப்பு கருதி அத்தனையையும் எரித்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து யாரோ விரல் சொடுக்குகிற மாதிரி சத்தம் வர ஆரம்பித்தது. வாரியத்துக்கு இரண்டே வரியில் எழுதினாள்: என் கம்ப்யூட்டர் சாகப்போகிறது. காப்பி எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாமா?

பதிலாக நாற்பத்தொரு பக்கப் படிவம் வந்தது. பதினேழாவது கேள்வி: இக்கருவியைக் கொண்டு விண்ணப்பதாரர் இதுவரை எவரையேனும் தாக்கியதுண்டா? ஆர்லீன் ‘இல்லை’ என்று எழுதினாள். பதினெட்டாவது கேள்வி: இல்லையெனில், ஏன்?

புதன்கிழமை அவளை நேரில் வரச் சொன்னார்கள்.

வாரியத் தலைவர் விக்டர் ஹெட்லண்ட், குண்டு துளைக்காத மேலங்கி போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பட்டாளத்தில் இருந்தவரல்ல. வாரியத்துக்கு வருமுன் மெத்தைக் கடை நடத்தியவர். பக்கத்தில் துணைத்தலைவர் ப்ரூஸ் கெம்ப். மூலையில், கூட்டக்குறிப்பு எழுதுகிற கோனி மெர்காடோ. கோனி மட்டும்தான் ஆர்லீனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“உக்காருங்க. எந்த மாதிரி டிஸ்க் வேணும்?”

“எதா இருந்தாலும் சரி சார். எதிர்க்கடையிலயே ஒண்ணு இருக்கு…”

“எதிர்க்கடை!” ஹெட்லண்ட் திரும்பினார். “கேட்டியா ப்ரூஸ்? எதிர்க்கடையாம்.”

கெம்ப் பல்வலி வந்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அந்த டிஸ்க்கை யாராச்சும் அடிச்சுப் பாத்திருக்காங்களா?”

“அதை எதுக்கு சார் அடிக்கணும்?”

“அடிக்காம எப்படிம்மா நம்புறது? ஒரு பொருளை வாங்கணும்னா முதல்ல அதைக் கொல்லப் பாக்கணும். சாகலைன்னா வாங்கலாம்.”

“செத்துட்டா?”

“இன்னும் நல்லது. செத்த டிஸ்க்குல இருந்து எவனும் எதையும் திருட முடியாது. முழு மதிப்பெண் போட்டுருவோம்.”

“அப்ப என்னாலயும் எடுக்க முடியாதே சார்?”

“நீங்கதானேம்மா முதல் சந்தேக நபர்,” என்றார் ஹெட்லண்ட், மிகவும் அன்பாக.

மறுநாளே வாரியம் சோதனைக்கென்று ஏழு ஹார்ட் டிஸ்க்குகள் வாங்கியது. எதிர்க்கடையில்தான் வாங்கியது. அவை ஆர்லீனின் மேசையைத் தாண்டி அட்டைப்பெட்டியில் போயின.

“இதுல ஒண்ணே ஒண்ணைக் குடுத்துட்டுப் போங்களேன்,” என்றாள் ஆர்லீன்.

“சோதிக்காததையா? உங்க உயிருக்கு யாரு பொறுப்பு?” என்று கேட்டுவிட்டு கெம்ப் மாடியேறினார்.

முதல் சோதனை நான்காவது மாடியின் கூரையிலிருந்து நடந்தது. கெம்ப் எண்ணிக்கை சொல்ல, ஹெட்லண்ட் இரண்டு டிஸ்க்குகளைக் கீழே எறிந்தார். ஒன்று தரையில் விழுந்து சிதறியது. மற்றொன்று கடிதப் பையோடு வந்துகொண்டிருந்த தபால்காரரின் தோளில் விழுந்து எலும்பை முறித்தது. அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: முதல் டிஸ்க் செத்தது, நன்று. இரண்டாவது டிஸ்க் பிழைத்துக்கொண்டது. தபால்காரர் மென்மையாக இருந்ததே காரணம். தபால்காரர் தகுதியிழப்புச் செய்யப்படுகிறார்.

இரண்டாவது சோதனைக்குப் போலீஸ் நாயைக் கூட்டி வந்தார்கள். நாய் டிஸ்க்கை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. நாய்க்கு உற்சாகம் போதவில்லை என்று கெம்ப் டிஸ்க்கைத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிக்காட்டினார். நாய்க்கு உற்சாகம் வந்தது. அவருடைய தொடையில் இருபத்திரண்டு தையல். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. அதனால் அது தோற்றது.

மூன்றாவது சோதனை பனி தள்ளும் லாரி. முப்பது மைல் வேகத்தில் வந்த லாரியின் இரும்புத் தகட்டில் பட்டு ஒரு டிஸ்க் கல்லைப் போலப் பறந்தது. வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த கணக்குப் பிரிவு ஆள் ஒருவரின் முன்பற்கள் மூன்று போயின. அதைப் பார்த்துப் பதறிய லாரிக்காரர் வண்டியைக் கம்பத்தில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டார். “நல்ல தரவு கிடைச்சிருக்கு,” என்றார் ஹெட்லண்ட்.

இதற்குள் ஆர்லீனின் கம்ப்யூட்டர் சொடுக்குவதை விட்டு உறுமத் தொடங்கியிருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு வரைபடங்கள் திறக்கவில்லை. தினமும் காலையில் மின்பொத்தானை அழுத்துமுன் அவள் கையை ஒரு நிமிஷம் அதன் தகரத்தின்மேல் வைத்திருப்பாள். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவதுபோலத்தான்.

மார்ச் முதல் வாரம் வாரியத்தின் தேர்வுக்கூட்டம். பயன்படுத்துகிறவர் சார்பில் ஆர்லீனும் வர வேண்டும் என்று ஆணை வந்தது. வாரியத்தில் இரண்டு கட்சி. உள்ளே தட்டு சுழல்கிற டிஸ்க்தான் ஆண்மையானது என்பது ஒரு கட்சி. எதுவுமே சுழலாத புது வகைதான் உயர்ந்தது என்பது மற்றது. வாசலிலேயே ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நடந்ததைக் கோனி மெர்காடோவின் குறிப்பிலிருந்து அப்படியே தருவதுதான் முறை:

‘உறுப்பினர் நார்விக், சுழலும் வகையே உறுதியானது என்று கருத்துத் தெரிவித்தார். உறுப்பினர் ஓஷே அதை மறுத்துக் காப்பிக் குடுவையைத் தெரிவித்தார். உறுப்பினர் நார்விக்கின் நெற்றி அதை ஏற்றுக்கொண்டது. தலைவர் நாற்காலியால் குறுக்கிட்டார். மூன்று பேர் அதை வழிமொழிந்தனர். இருவர் எதிர்த்தனர், ஒருவர் கடித்தார். கூட்டம் அடுத்த இருபது நிமிடங்கள் தரையில் தொடர்ந்தது.’

ஆர்லீன் மேசைக்கடியில் இருந்தாள். அங்கே ஏற்கெனவே கோனி சம்மணமிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடதுகைச் சுண்டுவிரல் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது.

“உன் விரல் உடைஞ்சிருக்கு கோனி.”

“தெரியும். எழுதுற கை இல்ல.”

“எப்பவும் இப்படித்தானா?”

“சேச்சே. இது அமைதியான கூட்டம். போன வருஷம் நாற்காலி வாங்குறதுக்குக் கூட்டம் போட்டாங்க பாரு, அன்னிக்கு நீ வந்திருக்கணும்.” மேலே யாரோ தொப்பென்று விழுந்தார்கள். கோனி எட்டிப் பார்த்து ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். “ஆர்லீன், நிஜமாவே உனக்கு ஒரு டிஸ்க்தான் வேணுமா?”

“ஒண்ணே ஒண்ணு.”

“பேசாம வாங்கியிருக்கலாமே பொண்ணே.”

ஐந்து பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முடிவு எதுவும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டெஸ் ஹாரிங்டன் போன் செய்தான். ஊரில் போர் வண்டி வைத்திருக்கும் கம்பெனியின் மேஸ்திரி. பதினைந்து வருஷமாக, துளை போடும் ஒவ்வொரு நாளும் அவன் குரலில்தான் ஆர்லீனின் வேலை தொடங்கும்.

“ஏ ஆர்லீன், இன்னும் உயிரோடதான் இருக்கியா? மரக்கிடங்குக்குப் பின்னால நிக்கிறேன். போடவா?”

அவள் அந்த வரைபடத்தைச் சொடுக்கினாள். திரை கறுப்பாக நின்றது. மறுபடியும் சொடுக்கினாள்.

“டெஸ், மேப் திறக்க மாட்டேங்குது. போடாத.”

“முதலாளி பக்கத்துலயே நிக்கிறான். நீ ‘வேண்டாம்’னு சொன்னா நிறுத்திருவான். ‘தெரியாது’ன்னு சொன்னா நிறுத்த மாட்டான். ரெண்டுல எது?”

“அப்ப வேண்டாம்னே வச்சுக்கோ.”

பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. டெஸ் தயங்கிக் கேட்டான். “மேப்பைப் பாத்துத்தான் சொல்றாளான்னு கேக்குறான்.”

ஒரே ஒரு பொய் போதும். ஆர்லீனுக்கு அது தொண்டைவரை வந்தது. ஆனால் பத்தொன்பது வருஷமாகப் பார்த்ததை மட்டுமே சொல்லிப் பழகிய வாய்.

“பாக்கல,” என்றாள்.

ஒன்பதே காலுக்குத் தரை வாய்பிளந்தது. போர் வண்டி முப்பதடி ஆழத்தில் போய் விழுந்தது. உதவியாளுக்கு நான்கு விலா எலும்புகள் நொறுங்கின. டெஸ்ஸின் வலது காலின்மேல் துளையிடும் தண்டு குறுக்கே விழுந்து கிடந்தது. மண் மேலும் மேலும் சரிந்துகொண்டிருந்ததால் தீயணைப்பு ஆட்களுக்கு நேரமில்லை. முழங்காலுக்குக் கீழே அங்கேயே அறுத்துவிட்டு அவனை மட்டும் தூக்கி வந்தார்கள்.

சாயங்காலம் ஆர்லீன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசனைக்காவது இருக்கட்டும் என்று அவனுக்குப் பிடித்த, மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துச் சுடுகிற பேஸ்டி வாங்கிக்கொண்டு போனாள். கட்டிலருகே நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழாத,” என்றான் டெஸ். முகம் சாம்பல் பூத்திருந்தது. “என் கால் கீழ முப்பதடியில கிடக்கு. உன் மேப்புல குறிச்சு வச்சுக்கோ. நாளைக்கு எவனாச்சும் தோண்டி எடுத்துட்டு செம்புன்னு வித்துருவான்.”

அவள் சிரிக்க முயன்று, முடியாமல் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ பொய் சொல்லியிருக்கலாம் ஆர்லீன்.”

“ஆமா.”

“அடுத்த தடவை சொல்லு.”

“சொல்றேன்.”

“பெரிய பொய்யா சொல்லு.” அவன் கண்ணை மூடிக்கொண்டான். “பேஸ்டியை எங்க வச்சிருக்க? கால்மாட்டுல வைக்காத. அந்தப் பக்கம் இடம் நெறைய இருக்கேன்னு நினைச்சியா?”

மறுநாள் ஹெட்லண்ட் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். நெற்றியில் கட்டு, கையில் கட்டு, பக்கத்தில் குறிப்பெடுக்கக் கோனி. “இந்தச் சம்பவத்துல நம்ம மாவட்டத்தோட தரவு ஒரு எழுத்துகூட வெளிய போகல. அதுக்காக வாரியம் பெருமைப்படுது.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஆர்லீன் கேட்டாள். “ஒரு ஆள் உள்ள போயிட்டானே சார்?”

“ஆளுங்க வேற துறைம்மா,” என்றார் ஹெட்லண்ட்.

ஆனாலும் விபத்தால் வாரியத்துக்கு அவசரம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மூவரும் நிலவறைக்கு வந்தார்கள். ஹெட்லண்ட் முன்னால் வந்தார். தொடையை இழுத்துக்கொண்டு கெம்ப்பும் நோட்டுப்புத்தகத்தோடு கோனியும் பின்னால். கெம்ப்பின் ஒரு கையில் கொண்டாட்டத்துக்கு ஒரு கேக், மறு தோளில் சம்மட்டி. காவலாளி ஒருவன் இரும்புப் பெட்டி ஒன்றைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கி வந்து, மேசையில் டமாரென்று வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான்.

“உங்க ஹார்ட் டிஸ்க்,” என்றார் ஹெட்லண்ட். “பதினாலு கிலோ. ஒண்ணரை அங்குல எஃகு. பீரங்கி வண்டி ஏறினாலும் நசுங்காது. எத்தனையோ பேர் ரத்தம் சிந்தித் தேர்ந்தெடுத்தது.”

ஆர்லீனுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. “ரொம்ப நன்றி சார். ஒயரைக் குடுங்க, இப்பவே காப்பி போட்டுடறேன்.”

“காப்பியா?” ஹெட்லண்டின் முகம் மாறியது. “ஒரே தகவல் ரெண்டு எடத்துல இருந்தா திருடனுக்கு ரெண்டு வாசல். காப்பி எடுக்குறது குற்றம்மா. ஒயர் போடுற ஓட்டையையே அடைச்சுத்தான் வாங்கியிருக்கோம்.”

“அப்ப இதுல எதைத்தான் வைக்கிறது?”

“எதையும் வைக்கக் கூடாது. காலியா இருக்குறதை எவன் திருடுவான்? இந்த மாவட்டத்துலயே பாதுகாப்பான டிஸ்க் இப்ப உங்க மேசையில இருக்கு. ப்ரூஸ், ஆரம்பி. புதுக் கருவி குடுத்தா பழசை அழிக்கணும்னு விதி.”

கெம்ப் கேக்கை ஓரமாக வைத்துவிட்டு, சம்மட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து, உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் முன்னால் கால் அகட்டி நின்றார்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் ஆர்லீன். “நான் ஏற்கெனவே காப்பி எடுத்துட்டேன். ஊர் பூரா குடுத்து வச்சிருக்கேன். இருபது காப்பி.”

அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய். பெரிய பொய்தான். ஹெட்லண்ட் அதிர்ந்து வாயைப் பிளந்தார். “இருபது…”

மேலங்கி அவருடைய கழுத்துவரைதான் மூடியிருந்தது. ஆர்லீன் பத்தொன்பது வருஷம் வரைபடச் சுருள்களைத் தோளில் சுமந்தவள். பதினாலு கிலோ இரும்பைக் கைப்பிடியில் பிடித்துக் கீழிருந்து மேலாக ஒரே வீச்சாக வீசினாள். தாடை இரண்டு இடத்தில் உடைகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஹெட்லண்ட் கேக்கின்மேல் போய் விழுந்தார். கெம்ப் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு திரும்ப, அதே பெட்டி அவருடைய நாய்க்கடித் தொடையில் இறங்கியது. அவர் போட்ட கூச்சல் மூன்றாவது மாடிவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

ஆர்லீனுக்கு அப்போது என்ன தோன்றியது என்றால், ஒன்றுமே தோன்றவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது. கம்ப்யூட்டரின் ஒயர்களைப் பிடுங்கி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கோனி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே சொன்னாள். “பின்வாசல் திறந்திருக்கு ஆர்லீன்.”

லோரன் கடையைத் திறந்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. பனியில் கோட்டுகூடப் போடாமல், கன்னத்தில் கேக் தெறித்திருக்க, கம்ப்யூட்டரோடு உள்ளே வந்த ஆர்லீனை அவன் பார்த்தான்.

“என்னம்மா வேணும்?”

“ஒரு ஹார்ட் டிஸ்க். அப்புறம் கதவைப் பூட்டணும்.”

லோரன் எந்த டிஸ்க் என்று கேட்கவில்லை. கைக்கெட்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டி, குறுக்கே ஒரு அலமாரியையும் இழுத்துப் போட்டான். காப்பி ஓட ஆரம்பித்தது. திரையில் மீதி நேரம் ஒன்பது மணி என்று காட்டியது.

முதலில் வந்தது ரே டுமாண்ட் என்ற போலீஸ்காரர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். “ஆர்லீன், கதவைத் திறங்க. உங்களைக் கைது பண்ணணும்.”

“காப்பி முடியட்டும் ரே.”

“எவ்வளவு நேரமாகும்?”

“சாயங்காலம் ஆகும்.”

ரே தலைமையகத்துக்குப் பேசினார். அனுமதியில்லாத கருவி ஓடுகிற அறைக்குள் நுழைய வாரியத்தின் படிவம் வேண்டுமாம். அதை வாரியத் தலைவர் சத்தமாக வாசித்துத் தர வேண்டுமாம். தலைவருக்கு அன்று வாய் இல்லை. ரே வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் நெருங்கும்போது கெம்ப் நொண்டிக்கொண்டு வந்தார், சம்மட்டியோடும் வாரியத்தில் எழுந்து நடக்கக்கூடிய நாலு பேரோடும். அதே நேரம் டெஸ்ஸின் போர் வண்டி ஆட்கள் ஆறு பேர் கடைவாசலில் வந்து நின்றார்கள். எவரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

“வழி விடுங்கடா!” என்றார் கெம்ப்.

“எங்க மேஸ்திரி கால் எங்கய்யா?” என்று கேட்டான் ஒருவன்.

அதற்குப் படிவத்தில் பதில் இல்லாததால் கெம்ப் சம்மட்டியை வீசினார். பிறகு பனி சிவந்தது. குழாய் முடுக்கும் ஸ்பானரும் சம்மட்டியும் மோதின. ஒருவன் ஓஷேயின் தலையைக் குப்பைத் தொட்டிக்குள் வைத்து மூடியை ஐந்தாறு முறை மூடினான். ரே வண்டியிலிருந்து இறங்கி இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கு மட்டும் சொன்னார். ஆர்லீன் கண்ணாடிக்குள்ளிருந்து திரையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று சதவீதம். அந்த நேரம் கெம்ப் எப்படியோ பிடியிலிருந்து நழுவி, கடையின் பக்கச்சுவரில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மேசை குலுங்கியது. கம்ப்யூட்டருக்குள்ளிருந்த பழைய டிஸ்க் ஒருமுறை கிறீச்சிட்டு, அடங்கிப்போனது. அதன்பின் அதை எவராலும் எழுப்ப முடியவில்லை.

ஆர்லீன் புது டிஸ்க்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, காதில் ரத்தம் வழிய நின்ற போர் வண்டிக்காரன் ஒருவனின் கையில் கொடுத்தாள். “டெஸ்கிட்ட குடு.” பிறகு ரேயின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ஒன்பது நாள் கழித்து வழக்கு வந்தது. பதினாலு கிலோ பெட்டி சாட்சிப்பொருளாக மேசையில் இருந்தது. ஹெட்லண்டின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கு வழியாகப் பேசினார்.

“இது கொலைக் கருவியா?” என்று கேட்டார் நீதிபதி ஆலிஸ் ரோவ்.

“இல்லை, இது ஹார்ட் டிஸ்க்,” என்றார் ஹெட்லண்ட்.

“இதுல எதையாச்சும் சேமிக்க முடியுமா?”

“முடியாது. விதிப்படி கூடாது.”

“அப்ப இதை வச்சு என்னதான் செய்ய முடியும்?”

ஹெட்லண்ட் பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். “தாக்குப்பிடிக்கும்,” என்றார்.

நீதிபதி வாரியத்தின் கூட்டக்குறிப்பைக் கேட்டார். கோனி எழுந்து, நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து ஒரே குரலில் வாசிக்க ஆரம்பித்தாள். தபால்காரர் தகுதியிழந்தார். நாய்க்கு உற்சாகம் வந்தது. உறுப்பினர் ஓஷே காப்பிக் குடுவையைத் தெரிவித்தார். முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு தடுக்க முடியவில்லை. ‘ஆளுங்க வேற துறைம்மா’ என்ற வரி வந்தபோது மட்டும் சிரிப்பு நின்றுபோனது. ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டெஸ்ஸை எல்லோரும் பார்த்தார்கள்.

“நிறுத்துடி!” ஹெட்லண்ட் சாட்சிக்கூண்டைத் தாண்டிக் குதித்து நோட்டைப் பறிக்கப் போனார். தடுத்த குமாஸ்தாவின் முகத்தில் ஒரு குத்து. ரே அவர் இடுப்பைப் பிடித்துத் தரையில் அடித்ததில் தாடைக் கம்பி ஒன்று அறுந்து தெறித்தது. கோனி நின்றபடியே பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள்.

நீதிமன்றத்தை அவமதித்ததற்காக ஹெட்லண்டுக்குப் பத்து நாள். தாடையை உடைத்ததற்காக ஆர்லீனுக்கு அறுபது நாள், வேலையும் போயிற்று. வாரியத்துக்கு ஒன்றுமில்லை. கெம்ப் தற்காலிகத் தலைவராகி, வரைபடப் பிரிவு இருந்த அறையை அன்றே எடுத்துக்கொண்டார்.

“ஏதாச்சும் சொல்ல விரும்புறீங்களா?” என்று கேட்டார் நீதிபதி.

“ஒரு மணி நேரம் வேணும்மா,” என்றாள் ஆர்லீன். “பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இன்னிக்குப் போர் போடுறாங்க. மேப்பு அவங்ககிட்ட இருக்கு. அந்தக் காலத்துக் குறியீடு அதுல, படிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல.”

நீதிபதி ரேயைப் பார்த்தார். “விலங்கோட கூட்டிட்டுப் போங்க.”

பள்ளிக்கூடத்தில் இடைவேளை. பிள்ளைகள் பனியுருண்டை செய்து அடித்துக்கொண்டிருந்தார்கள். போர் வண்டியின் முன்பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் சோப்புப் பெட்டி மாதிரி அந்த டிஸ்க். டெஸ் ஊன்றுகோலில் சாய்ந்து நிற்க, ஆர்லீன் விலங்கு மாட்டிய கைகளால் வரைபடத்தை நகர்த்தினாள். மங்கிய நீலக்கோடுகள், எண்கள். வெகுநேரம் பார்த்தாள்.

“இங்க வேண்டாம்,” என்றாள்.

“மேப்பைப் பாத்துத்தான் சொல்றியா?”

“பாத்துத்தான் சொல்றேன். கீழ பதினெட்டடியில பெரிய கூடமே இருக்கு. வேலிப்பக்கம் நாப்பதடி தள்ளு.”

வண்டியை நகர்த்தினார்கள். தண்டு இறங்கியது. மூன்றடி, பத்தடி, இருபதடி. கெட்டிப் பாறையைக் கடிக்கிற ஒரே சீரான கரகரப்பு வந்துகொண்டே இருந்தது. டெஸ் ஆர்லீனின் தோளில் கை வைத்துக்கொண்டான்.

ரே டுமாண்ட் தொண்டையைச் செருமினார்.

“ஆர்லீன்… என் வீடு ஹிக்கரி தெருவுல. முக்குலருந்து மூணாவது. அங்க கீழ என்ன இருக்குன்னு ஒரு பார்வை பாக்க முடியுமா?”

அவள் தேடினாள். மறுபடி தேடினாள்.

“உங்க தெரு காப்பி ஆகல ரே. கெம்ப் சுவத்துல அடிச்சாரே, அதுக்கப்புறம் வரவேண்டியது.”

“அப்ப ஒண்ணும் இல்லைன்னு வச்சுக்கலாமா?”

“தெரியாதுன்னு வச்சுக்கோங்க.”

ரே தலையாட்டினார். அவளைப் பின்சீட்டில் ஏற்றி, கதவை மிக மெதுவாகச் சாத்தினார். சிறைக்குக் குறுக்கு வழி ஹிக்கரி தெருதான். ஐந்து நிமிஷம் போதும். தெரு முக்கில் அவர் வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடி வழியாகச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து மலையைச் சுற்றிப் போகும் பாதையில் திரும்பினார்.

“அந்தப் பக்கம் பனி அதிகம்,” என்றார்.

தெருவில் பனியே இல்லை.